பங்சார் தொகுதி எங்கே போனது?

1974 ஆகஸ்டில் நான்காவது பொதுத்தேர்தல் வந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் வாக்களிக்கப் போனார்கள். பங்சார் என்ற நாடாளுமன்றத் தொகுதி அங்கே இல்லை. அந்தத் தொகுதியில் யாரும் தோற்கவில்லை. தொகுதியே கலைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. தலைநகர மக்களுக்குச் சிலாங்கூர் சட்டமன்றத்தில் இருந்த இடங்களும் அதோடு போயின. நாடாளுமன்ற எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. பங்சார் என்ற பெயர் கடைத்தெருவுக்கும் பணக்காரக் குடியிருப்புக்கும் மட்டும் மிஞ்சியது.

சுபாங் ஜெயாவில் உட்கார்ந்துகொண்டு ஐம்பது வருடத்துக்கு முன் மறைந்த ஒரு தொகுதியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. மலாயாவில் தமிழர், இந்தியர் அரசியல் பிரதிநிதித்துவம் எப்படிப் பிறந்தது, எப்படிச் சுருங்கியது என்பதற்கு பங்சாரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அதோடு, தீபகற்பத்தின் அடுத்த தொகுதி எல்லை மறுசீரமைப்புக்கான காலமும் நெருங்கிவிட்டது. அரசியல் சட்டப்படி இரண்டு சீரமைப்புகளுக்கு நடுவே குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும். தீபகற்பத்தில் கடைசியாக அது முடிந்தது 2018 மார்ச்சில். எட்டைக் கூட்டிப் பாருங்கள்.

முதலில் ஒரு பழைய ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு மாநிலத்தையோ மாகாணத்தையோ துண்டு போடாமல் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துக்கொள்வது. 1955 ஜூலை 27இல் மலாயாவில் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்கள். அதில் பெர்லிஸ் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடம்தான். நான்கு ஆண்டு கழித்து 52ஐ அப்படியே இரட்டிப்பாக்கி 104 என்றார்கள். பெர்லிஸ் வடக்கு தெற்காகப் பிரிந்தது. சிலாங்கூரின் 7 இடம் 14 ஆனது. பேராக்கின் 10 இடம் 20 ஆனது. இன்றைக்கும் லபுவானும் புத்ராஜெயாவும் ஆளுக்கொரு முழுத் தொகுதியாக நிற்கின்றன. அமெரிக்காவில் வயோமிங் போன்ற மக்கள்தொகை குறைந்த மாநிலங்கள் இன்னும் அப்படித்தான் இருக்கின்றன.

தமிழர் வரலாற்றில் இந்த ஏற்பாட்டின் கசப்பான முன்கதை இலங்கையில் இருக்கிறது. மேல் மாகாணத் தமிழர் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கை அது. அதை ஆதரிப்பதாக 1918இல் சிங்களத் தலைவர்கள் சர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் அவர் 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். வாக்கு பறந்தது, அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1924 தேர்தலில் அந்த இடம் ஒருவழியாகக் கிடைத்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஜனவரியில் மதுரையில் காலமாகியிருந்தார். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இன அடிப்படையிலான இடங்கள் அனைத்தையும் அகற்றியது. ஒரு மாகாணத்தின் ஒரே ஓர் இடம் ஏழு ஆண்டு இருந்தது. அது கிடைக்கும் முன்பே, அதைக் குறித்து எழுந்த பிணக்கு ஒரு தேசிய இயக்கத்தை உடைத்துவிட்டது. நாற்காலி ஒன்றுதானே என்று இதையெல்லாம் தட்டிக்கழிப்பவர்கள் இந்த வரலாற்றைப் படித்திருக்க மாட்டார்கள்.

மலாயாவில் நமக்கு அப்போது தேர்தலே கிடையாது, நியமனம்தான். மலாய் ஐக்கிய மாநிலங்களின் கூட்டரசு மன்றம் 1909இல் அமைந்தது. இந்தியர் ஒருவர் அதில் உட்கார 1928 வரை பொறுக்க வேண்டியிருந்தது. எஸ். வீராசாமி என்ற வழக்கறிஞரை ஆங்கில அரசு நியமித்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்று நான்கு மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் பொதுப்பணித் துறையிலும் உழைத்த அத்தனை தமிழருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி. அதில் யார் உட்காருவது என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்கப்பட்ட முதல் நாள் 1952 பிப்ரவரி 16. கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்கு முதல் தேர்தல். நான்கு வட்டாரங்கள்: பங்சார், செந்தூல், இம்பி, பெட்டாலிங். வட்டாரத்துக்கு மூன்று பேர், ஆக 12 உறுப்பினர்கள். பாடப் புத்தகங்களில் இந்தத் தேர்தல் ஒரே ஒரு காரணத்துக்காக இடம்பெறுகிறது: அம்னோவும் மசீசவும் கோலாலம்பூர் அளவில் போட்டுக்கொண்ட உடன்பாடு 9 இடங்களை வென்றது, அதிலிருந்துதான் கூட்டணி என்ற கட்சி வளர்ந்தது. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2 இடம், சுயேச்சை ஒருவர். அத்தோடு ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

புரட்டக் கூடாத பக்கம் அது. டத்தோ ஓன் கட்சியின் அந்த இரண்டு இடங்களில் ஒன்றை பங்சார் வட்டாரத்தில் வென்றவர் தேவகி கிருஷ்ணன் என்ற இளம் பெண். மலாயாவில் மக்கள் வாக்கால் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். மலாய்க்காரப் பெண்ணோ சீனப் பெண்ணோ அல்ல, போர்ட்டிக்சனில் பிறந்த இந்தியப் பெண். 1923இல் பிறந்த அவர் 2024 ஜனவரியில் நூறு வயதில் காலமானார். நம் பத்திரிகைகள் இரண்டு நாள் புகழஞ்சலி எழுதின. ஆனால் அவரை வெல்ல வைத்த தேர்தல் அமைப்பைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதக் காணோம்.

அந்த அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு வட்டாரம், மூன்று இடம். கட்சிகள் ஒரே வட்டாரத்தில் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஓர் இந்தியர், ஒரு பெண் என்று கலந்து நிறுத்த முடியும். 'இது யாருடைய தொகுதி' என்ற கேள்வியே அங்கே எழாது. ஒற்றை இடத் தொகுதியில் அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. கட்சித் தலைமையகத்தில் வேட்பாளர் தேர்வு நடக்கும்போது இன விழுக்காட்டைப் பார்த்து, இது மலாய்த் தொகுதி, இது சீனத் தொகுதி, இது கலப்புத் தொகுதி என்று பிரித்துவிடுகிறார்கள். இந்தியத் தொகுதி என்று ஒன்று அந்தப் பட்டியலில் வராது. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மை இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நம் பங்கு 7 விழுக்காட்டுக்கும் கீழே. அதுவும் ஓரிடத்தில் குவிந்து கிடக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளான பிறகு சிதறிய மக்கள் நாம். எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் கோட்டின் இரண்டு பக்கத்திலும் நாம் சிறுபான்மைதான்.

1955இல் இதற்குக் கண்ட மருந்து பேரம். கூட்டணி நிறுத்திய 52 வேட்பாளர்களில் 35 பேர் மலாய்க்காரர், 15 பேர் சீனர், 2 பேர் இந்தியர். 51 பேர் வென்றார்கள். கிரியானில் மட்டும் இஸ்லாமியக் கட்சி. அன்றைய வாக்காளரில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர் என்பதை நினைத்தால் 17 இடங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது பெருந்தன்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று முதல் நம் பிரதிநிதித்துவம் வாக்குப் பெட்டியிலிருந்து பேச்சுவார்த்தை மேசைக்கு இடம் மாறியது. இந்தியர் கட்சியான ம.இ.கா.வுக்கு எத்தனை இடம், எந்த இடம் என்பது கூட்டணித் தலைவர்கள் முடிவு செய்யும் காரியமாயிற்று. நியமன நாற்காலியைத் தேர்தல் உடுப்பில் மறுபடி கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் பழைய தலைவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பங்சார் இந்த ஏற்பாட்டுக்கு அடங்காத தொகுதி. 1955இல் கோலாலம்பூர் பாராட், கோலாலம்பூர் திமோர் என்று இருந்தவை உடைந்து புதுத் தொகுதிகளானபோது அதில் ஒன்றாக பங்சார் உருவானது. இரயில்வே ஊழியர், மின்சார வாரியத் தொழிலாளர், நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணியாளர், லோரி ஓட்டுநர், யாழ்ப்பாணத்து எழுத்தர் குடும்பங்கள், சீனக் கடைக்காரர்கள் எல்லாம் கலந்த இடம். 1959 ஆகஸ்டில் இந்தத் தொகுதியில் வென்றவர் வி. டேவிட். வயது இருபதுகளின் பின்பகுதி. தொழிற்சங்கவாதி, சோசலிஸ்ட் முன்னணி வேட்பாளர். நாடு முழுவதும் அந்த முன்னணி வென்றது 8 இடம். அதில் 5 சிலாங்கூரில். டாமன்சாராவில் கரம் சிங், செத்தாப்பாக்கில் அகமட் பூஸ்தாமாம், ரவாங்கிலும் பத்துவிலும் சீன வேட்பாளர்கள். இனக் கணக்குப்படி பார்த்தால் தமிழர் ஒருவர் பங்சாரில் வென்றிருக்கவே முடியாது. சம்பளக் கணக்குப்படி பார்த்தால் வேறு யாரும் வென்றிருக்க முடியாது.

டேவிட்டைப் பற்றி ஒரு சிறு இடைச்செருகல். அவர் அதற்குப் பிறகும் தொகுதி தொகுதியாக நின்றார்: பினாங்கின் டத்தோ கிராமாட், டாமன்சாரா, கடைசியாக நம் பக்கத்து பூச்சோங். கட்சிகளும் மாறின, தொழிலாளர் கட்சி, கெராக்கான், பிறகு ஜனநாயகச் செயல் கட்சி (ஜ.செ.க.). நடுவே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறைவாசம். 1987 ஓப்பராசி லாலாங் கைதுகளிலும் அவர் பெயர் இருந்தது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸும் அவருடைய உண்மையான தொகுதிகள். எல்லைக் கோடு போட முடியாத தொகுதிகள் அவை. அதனால்தான் அவர் வரைபடத்தில் எங்கே போய் நின்றாலும் அவருக்கு வாக்காளர் இருந்தார்கள்.

1964இல் பங்சார் இன்னொரு விசித்திரத்தைச் செய்தது. சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் வேட்பாளர்களை நிறுத்தியது. கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள்; வாக்கு விழவில்லை. ஒரே ஒருவர் வென்றார், பங்சாரில் சி.வி. தேவன் நாயர். டேவிட்டை 808 வாக்கில் தோற்கடித்தார். ஒரு தொழிற்சங்கவாதியை இன்னொரு தொழிற்சங்கவாதியைக் கொண்டுதான் தோற்கடிக்க முடிந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தபோது இங்கே அனாதையாகிவிட்ட அந்த ஒரு தொகுதியிலிருந்துதான் ஒரு புதிய கட்சி முளைத்தது. 1966 மார்ச்சில் ஜ.செ.க. பதிவு பெற்றது. அதன் முதல் பொதுச் செயலாளர் தேவன் நாயர். அன்றைக்கு நாடாளுமன்றத்தில் அதன் ஒரே உறுப்பினரும் அவர்தான். இன்று ஆட்சியில் பங்கு வகிக்கும் ஒரு கட்சியின் பிறப்புச் சான்றிதழில் பங்சாரின் பெயர் இருக்கிறது. நாயர் 1969இல் சிங்கப்பூர் திரும்பி, பின்னாளில் அந்நாட்டின் அதிபரானார். பங்சார் அவ்வாண்டு கோ ஹோக் குவானை அனுப்பியது, ஜ.செ.க.தான், ஆனால் இந்தியர் அல்ல. அதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல தொகுதிக்கு அடையாளமே அதுதான், யாரையும் அனுப்பலாம்.

1969 மே தேர்தலில் சிலாங்கூர் சட்டமன்றத்தின் 28 இடங்கள் சரி பாதியாகப் பிளந்தன. கூட்டணிக்கு 14, ஜ.செ.க., கெராக்கான், சுயேச்சை சேர்ந்து 14. அடுத்து நடந்தது மே 13 இனக் கலவரம். அதன் பிறகு ஐந்தே ஆண்டில் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. தலைநகரைக் கூட்டரசின் கையில் வைப்பதற்குப் பல நியாயங்கள் உண்டு. உலகில் பல நாடுகள் செய்திருக்கின்றன. ஆனால் வாக்காளர் பக்கத்திலிருந்து கணக்குப் பாருங்கள். 1952இல் கோலாலம்பூர்வாசிக்கு நகராண்மைக் கழக வாக்கு கிடைத்தது. 1955இல் கூட்டரசு வாக்கு. பிறகு சட்டமன்ற வாக்கு. 1961 ஏப்ரலில் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் நகராண்மைத் தேர்தலை நிறுத்தி ஆணையரை உட்கார வைத்தது. 1974இல் சட்டமன்ற வாக்கு போயிற்று. மிஞ்சியது நாடாளுமன்றத்துக்கான ஒரே ஒரு வாக்கு. சேர்ந்த மூன்றில் இரண்டு 1974க்குள் பறிபோனது. நாட்டிலேயே அதிகம் படித்த, அதிகம் வரி கட்டும் நகரத்தின் கதை இது.

ஊராட்சித் தேர்தல் நாடு முழுவதும் 1965இல் இந்தோனேசியப் பகைமையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது, தற்காலிகம் என்றார்கள். நிலைமையை ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1968இல் முடிந்த அதன் அறிக்கை தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தற்காலிகத்தை நிரந்தரமாக்கியது. ஆதி நாகப்பன் ம.இ.கா.காரர், ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். தன் அரசாங்கத்துக்குப் பிடிக்காத முடிவை எழுதிக் கொடுக்கும் துணிவு அவருக்கு இருந்தது. நம்மவர் எழுதிய மிக முக்கியமான அரசியல் ஆவணங்களில் ஒன்று அந்த அறிக்கை. அவர் பெயரில் மண்டபம், தெரு என்று தேடுகிறோம். அறிக்கையை யாரும் தேடுவதில்லை.

இனி சுபாங் ஜெயா. 1970களின் நடுவில் சைம் டார்பி இங்கே வீடு கட்ட ஆரம்பிக்கும் வரை இது சீபீல்ட் தோட்டம். ரப்பரும் செம்பனையும், லயங்களும், ஒரு மாரியம்மன் கோயிலும். தோட்டத்து மக்கள் போனார்கள். நடுத்தர வர்க்கம் வந்தது. 1997 ஜனவரியில் இங்கே நகராண்மைக் கழகம் அமைந்தது. 2020 அக்டோபரில் அது மாநகர் மன்றமாயிற்று. ஊராட்சித் தேர்தல் நின்று முப்பது ஆண்டு கழித்துப் பிறந்த மன்றம் என்பதால் அதற்கு ஒருமுறைகூடத் தேர்தல் நடந்ததில்லை. 24 கவுன்சிலர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. ஆளும் கட்சிகளுக்குள் பங்கு பிரித்து, அதில் இந்தியருக்கு இத்தனை என்று எண்ணி, பெயர் எழுதுகிறார்கள். 1928ஐ நினைவுபடுத்தும் ஏற்பாடு. வந்தவர்களில் நல்ல உழைப்பாளிகள் பலர் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் வாட்ஸாப்பில் யாரைக் கூப்பிடுவது என்பதைத்தான் நாம் தீர்மானிக்கிறோம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை அல்ல.

நாடாளுமன்றப் பக்கம் போனால் நிலைமை இன்னும் வேடிக்கை. 2018 வரை சுபாங் ஜெயாக்காரர்கள் வாக்களித்தது கிளானா ஜெயா தொகுதியில். சுபாங் என்ற பெயரில் ஒரு தொகுதி தனியாக, வடக்கே இருந்தது. ம.இ.கா.வின் கே.எஸ். நிஜார் உறுப்பினராக இருந்த, கூட்டணிப் பங்கீட்டில் ம.இ.கா.வுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி அது; 2008இல் பி.கே.ஆரின் ஆர். சிவராசாவிடம் போனது. 2018 சீரமைப்பில் அந்தச் சுபாங்குக்குச் சுங்கை பூலோ என்றும் கிளானா ஜெயாவுக்குச் சுபாங் என்றும் பெயர் சூட்டினார்கள். எழுந்து பார்த்தால் ஒய்.பி., அதாவது நம் மக்கள் பிரதிநிதி, அதே ஆள்; தொகுதியின் பெயர்தான் வேறு. பெயரை மாற்றியதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் 1995இலிருந்து மாநிலத் தொகுதியாக இருக்கும் சுபாங் ஜெயாவும் நாடாளுமன்றத் தொகுதியான சுபாங்கும் ஒன்றா வேறா என்று இன்றைக்கும் அண்டை வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெயரைவிடப் பெரியது எண்ணிக்கை. 2020 கணக்கெடுப்பில் சிலாங்கூர் மக்கள்தொகை சுமார் 70 லட்சம். நாடாளுமன்றத்தில் 22 இடம். ஜொகூரில் சுமார் 40 லட்சம் பேர், 26 இடம். பேராக்கில் சுமார் 25 லட்சம் பேர், 24 இடம். 2022 பொதுத்தேர்தலில் பாங்கி தொகுதியில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர். சுபாங்கில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சரவாக்கின் இகானில் முப்பதாயிரத்தை எட்டவில்லை. இது தற்செயல் அல்ல. 1957இல் மெர்டேக்கா அரசியலமைப்பு தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காடு வேறுபாடுதான் இருக்கலாம் என்றது. 1962 திருத்தம் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவுகூட இருக்கலாம் என்று தளர்த்தியது. 1973இல் எல்லையையே எடுத்துவிட்டார்கள். பங்சாரைக் கலைக்க வழி செய்ததும் அதே ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்கள்தான்.

இதில் நமக்கு இரட்டை அடி. மலேசிய இந்தியர் பெரும்பாலோர் இன்று நகரவாசிகள்; சிலாங்கூரிலும் பேராக்கிலும் பினாங்கிலும் நெகிரியிலும் வாழ்கிறோம். கிள்ளான் பள்ளத்தாக்குத் தொகுதிகள் ஊதிப்போகும்போது ஒரு தமிழ் வாக்கின் எடை ஓர் இகான் வாக்கின் எடையில் பத்தில் ஒரு பங்காகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கும் ஒற்றை இடத் தொகுதிக்குள் சிறுபான்மையாகக் கரைகிறது. 'இந்தியர் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும்' என்று தேர்தலுக்குத் தேர்தல் எழுதுகிறோம். தீர்மானிக்கும், உண்மைதான். யார் வெல்வது என்பதைத் தீர்மானிக்கும். நம்மவர் வேட்பாளராக நிற்பதை அது தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் பழையபடி மாநிலத்தையே ஒரு தொகுதியாக்கிவிடலாமா? கூடாது. இந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும். விரிந்த தொகுதி சிறுபான்மைக்கு வாசலைத் திறக்கும். அதே தொகுதி அந்த வாசலை அறைந்து மூடவும் செய்யும். மூன்று இடத்துக்கு மூன்று வாக்கு என்று வைத்தால், 51 விழுக்காடு உள்ள அணி மூன்றையும் வாரிக்கொண்டு போகலாம். அமெரிக்கத் தென்மாநில நகரங்கள் கறுப்பினத்தவர் மன்றத்துக்குள் வராமல் இருக்கவே முழு நகரத்தையும் ஒரே தொகுதியாக வைத்திருந்தன. 1967இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஒன்றுக்கு மேற்பட்ட இடம் உள்ள மாநிலங்களில் பிரதிநிதிகள் சபைக்கு ஓர் இடத் தொகுதிகள்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். சிங்கப்பூர் 1988இல் கொண்டுவந்த குழுத் தொகுதி முறை சிறுபான்மையினர் ஒருவராவது அணியில் இருக்க வேண்டும் என்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஆளும் கட்சிக்கு அது கோட்டையாகவும் ஆகிவிட்டது. அல்ஜுனிட்டில் எதிர்க்கட்சி முதல் குழுத் தொகுதியை வெல்ல 2011 வரை ஆயிற்று.

இந்த அபாயத்தை மீறும் வழி இலங்கையில் ஓரளவு கண்டார்கள். 1947இல் கொழும்பு மத்தி மூன்று பேரை அனுப்பும் தொகுதி. சிங்களவர், தமிழர், முஸ்லிம் கலந்த அந்த நகரத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் ஆளைக் கொண்டுவர இடம் இருந்தது. அதே தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அந்த மக்களின் குடியுரிமையைப் பிடுங்கிக்கொண்டது; அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. தொகுதி முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் குடியுரிமையைக் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் நான் தேர்தல் முறையைச் சர்வரோக நிவாரணியாக விற்க வரவில்லை.

விற்க வருவது இரண்டு சின்னச் சரக்கு. முதலாவது, சுபாங் ஜெயா, கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் போன்ற இடங்களில் ஊராட்சித் தேர்தல். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூன்று அல்லது நான்கு இடம், ஆனால் வாக்காளருக்கு ஒரே வாக்கு, அல்லது விகிதாசாரப் பட்டியல். அப்போது கால் பங்கு மக்கள் கால் பங்கு இடத்தை வெல்ல முடியும். யாரும் யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. பினாங்கு 2012இல் இதற்காகச் சட்டமியற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. ஆகவே 1976 சட்டத்தின் 15ஆவது பிரிவைத் திருத்த வேண்டிய இடம் கோலாலம்பூர் நாடாளுமன்றம். ஆட்சியில் இருப்பவர்கள் எதிர்க்கட்சியில் இருந்தபோது இதைக் கேட்டவர்கள்தாம். தேர்தல் வந்தால் சீனர்கள் நகரங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்று மலாய் அரசியலில் ஒரு பயம் உலவுகிறது. விகிதாசாரம் அந்தப் பயத்துக்கும்தான் மருந்து. எந்த இனமும் எதையும் முழுதாகப் பிடிக்க முடியாது.

இரண்டாவது, சிலாங்கூரின் 22. இடத்தைக் கூட்ட அரசியலமைப்பின் 46ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அதாவது 148 பேரின் ஆதரவு. சபாவும் சரவாக்கும் தங்கள் இடங்களைக் கூட்டக் கேட்கின்றன. அவர்களுக்கு 1963 ஒப்பந்தத்தின் பலம் இருக்கிறது. நமக்கு எண்ணிக்கையின் பலம் மட்டும்தான். சிலாங்கூரின் இந்திய ஒய்.பி.கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதில் ஒரே குரலில் பேசலாம். இதுவரை பேசவில்லை. தமிழ்ப் பள்ளிக்கு நிலம், கோயிலுக்கு மானியம் என்று நாம் ஒய்.பி.யிடம் கேட்கும் பட்டியல் நீளமானது. அதில் எதுவும் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். அவற்றைக் கேட்டு வாங்கும் நிலையிலேயே நம்மை வைத்திருப்பது இந்தக் கணக்குதான் என்பதைச் சொல்கிறேன்.

சீரமைப்பு தொடங்கும்போது தேர்தல் ஆணையம் உத்தேச வரைபடத்தை ஒரு மாதம் பொதுப் பார்வைக்கு வைக்கும். ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நூறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஆட்சேபம் கொடுத்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். பதின்மூன்றாம் அட்டவணை அப்படிச் சொல்கிறது. 2016இலும் ஆட்சேபங்கள் குவிந்தன, சிலாங்கூர் அரசே நீதிமன்றம் போனது. ஆனாலும் 2018 மார்ச் 28ஆம் நாள் மக்களவையில் வரைபடம் நிறைவேறியது. இம்முறை ஆட்சேபம் எழுதுகிறவர்கள் வெறும் கோபத்தை எழுத வேண்டாம். எந்தத் தாமானை எந்த வாக்குச் சாவடி வட்டாரத்தோடு சேர்ப்பது, ஒரே பேருந்துத் தடத்தையும் ஒரே சந்தையையும் பள்ளியையும் பயன்படுத்தும் குடியிருப்புகளை ஏன் இரண்டு தொகுதிகளில் வெட்டியிருக்கிறார்கள் என்று வரைபடத்தின் மேலேயே கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளூர்த் தொடர்புகளை அறுக்கக் கூடாது என்று அதே அட்டவணை சொல்கிறது. பூச்சோங், கின்ராரா, யு.எஸ்.ஜே. பகுதிகளில் உள்ள ஆலய நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள் இப்போதே வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு அந்த நூறு பெயரைச் சேர்க்கத் தொடங்கலாம். ஒரு மாதம் என்பது கையெழுத்து வாங்கவே சரியாக இருக்கும்.